பிரேக்கை மிதித்தால் முன்னால் எரிகிறது

நவம்பர் 11, 2024, திங்கள்

கும்பகோணத்தில் காரோடு சிக்னலில் நின்றபோது ஆட்டோக்காரர் ஒருவர் அருகில் வந்து, “சார், பிரேக் பிடித்தால் இடப்பக்க விளக்கு எரியவில்லை” என்றார். பல்புதான் போயிருக்கும் என்று வரும் வழியிலேயே 21/5 வாட் பல்பு ஒன்று வாங்கி மாட்டினேன். எரியவில்லை. கழற்றிய பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இரண்டு இழைகளும் அறுபடாமல் இருக்கின்றன. இதை முதலிலேயே பார்த்திருக்கலாம். அவசரக்குடுக்கை!

நவம்பர் 12

ஃப்யூஸோ, பெடலுக்கு மேலுள்ள பிரேக் சுவிட்சோ போயிருந்தால் வலப்பக்க விளக்கும் பின்கண்ணாடி விளக்கும் சேர்ந்தே அணைந்திருக்கும். அவை நன்றாக எரிகின்றன. கடையில் கேட்டால், விளக்கைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் “செட்டையே மாற்ற வேண்டும்” என்கிறார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 13, இரவு

மகனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றி வந்தேன். மிதிக்கும்போதெல்லாம் முன்பக்கத்து இடது இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது! பகலில் இது கண்ணிலேயே பட்டிருக்காது. இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு பிரேக்கை மிதித்தால் பின்பக்கத்தில் இரண்டுமே இல்லை.

எர்த் கோளாறு; அதாவது, விளக்குக்கு வந்த மின்சாரம் வண்டியின் இரும்பு உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில் கோளாறு. பின்னால் ஒரே கூட்டில் இருக்கும் விளக்குகளுக்கெல்லாம் எர்த் கம்பி ஒன்றுதான். அது விட்டுப்போனால் பிரேக் விளக்குக்கு வந்த மின்சாரம் பக்கத்து இண்டிகேட்டர் இழைக்குள் நுழைந்து, இண்டிகேட்டர் கம்பி வழியே முன்பக்க இண்டிகேட்டருக்குப் போய் அங்கே எர்த்தைப் பிடிக்கிறது. வாசல் பூட்டியிருந்தால் கொல்லைப்புறமாகப் போவதில்லையா, அதுபோல. வழியில் இத்தனை இழைகளைக் கடந்தால் எதுவும் முழுதாக எரியாது.

நவம்பர் 14

விளக்கின் எர்த் முனையிலிருந்து ஒரு வயரை இழுத்து வண்டியின் வெற்று இரும்பில் வைத்தேன். பளிச்சென்று எல்லாம் எரிந்தன. டிக்கி விரிப்பைத் தூக்கினால், இடது மூலையில் எர்த் போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் துருவுமாக இருக்கிறது. ஸ்டெப்னி குழியில் தண்ணீர் வேறு. விளக்குக்குப் பின்னாலுள்ள ரப்பர் வெடித்து, ஐப்பசி மழை முழுவதும் உள்ளே இறங்கியிருக்கிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இரும்பு மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். புது ரப்பருக்கு அலைந்ததுதான் பெரிய வேலை.

நவம்பர் 16

நேற்று இரவு நல்ல மழை. டிக்கியில் விரித்த செய்தித்தாள் இடப்பக்கம் காய்ந்தே இருந்தது. வலப்பக்க ஓரம் மட்டும் லேசாக நனைந்திருக்கிறது.