வேளை தவறாமல் மருந்து: ஓபியாய்டு சிகிச்சை ஒருங்கிணைப்பு நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளுக்கு (அபின்வகைப் போதைப்பொருட்களுக்கு) அடிமையானவர்களுக்குக் கொடுக்கும் சிகிச்சை மருந்து புப்ரெனார்ஃபின். அதைத் தொடங்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "கடைசியாக எதை, எப்போது எடுத்தீர்கள்?" ஹெராயின் என்றால் குறைந்தது 12 மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். தினமும் ஃபென்டனைல் (ஹெராயினைவிட வீரியமான செயற்கை ஓபியாய்டு) எடுத்தவருக்கு அது போதாது. அது உடற்கொழுப்பில் தங்கி மெல்ல வெளியேறுவதால் 24 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். மெத்தடோன் என்ற இன்னொரு சிகிச்சை மருந்திலிருந்து மாறுபவருக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம்.

கடிகாரத்தை மட்டும் நம்பி மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. ஓபியாய்டு உடலைவிட்டு இறங்கும்போது வரும் அவதியை அளக்கும் கவ்ஸ் (COWS) மதிப்பெண் அட்டையில் 11 குறிகள் இருக்கின்றன. நாடித்துடிப்பு, வியர்வை, கொட்டாவி, விரிந்த கண்மணி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், மூட்டுவலி எல்லாம் அதில் வரும். கூட்டுத்தொகை 8-க்குக் கீழே இருந்தால் காத்திருக்க வேண்டும். ஃபென்டனைல் என்றால் 13 வரை பொறுப்பது நல்லது. கொட்டாவியையும் பதற்றத்தையும் நடித்துவிடலாம். கண்மணியையும் கைமயிர் சிலிர்ப்பையும் நடிக்க முடியாது, அதனால் நான் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? புப்ரெனார்ஃபின் மூளையில் ஓபியாய்டு ஒட்டும் இடங்களை (ஏற்பிகளை) மற்ற ஓபியாய்டுகளைவிட இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் பகுதியளவே தூண்டும். ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பதை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதால் சிறிது நேரத்திலேயே வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம் எல்லாம் சேர்ந்து வரும். அந்த அனுபவம் ஒருமுறை நேர்ந்துவிட்டால் பலர் இந்த மருந்தின் பக்கமே திரும்ப மாட்டார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

முதல் நாள் அளவு: 2 முதல் 4 மில்லிகிராம். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து, அறிகுறி தணியாவிட்டால் இன்னொரு 4. பெரும்பாலோருக்கு முதல் நாள் 8, இரண்டு மூன்று நாளில் 16 மில்லிகிராமுக்கு வந்துவிடலாம். 24 வரை தேவைப்படுபவர்களும் உண்டு. குறைவாகக் கொடுப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் தவறு. அளவு போதாதவர் அந்தக் குறையைத் தெருவில்தான் நிரப்பிக்கொள்வார்.

மாத்திரை வைக்கும் முறையைக் கூடவே உட்கார்ந்து காட்ட வேண்டும். ஒரு மடக்கு தண்ணீரில் வாயை நனைத்து, நாவுக்கடியில் வைத்து, கரையும்வரை பேசாமல், விழுங்காமல் இருக்க வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். விழுங்கினால் கல்லீரலிலேயே பெரும்பகுதி அழிந்துவிடும். "மருந்து வேலை செய்யவில்லை" என்ற புகார் வந்தால் அளவைக் கூட்டும் முன் இதைச் சரிபாருங்கள். கரைந்த பிறகு தண்ணீரால் கொப்பளித்து விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பற்கள் கெடும்.

மார்ச் 7, வெள்ளி

சிகிச்சை அறுந்துபோகும் நாள் வெள்ளிதான். மருந்துச் சீட்டு ஞாயிறோடு முடியும், மருந்தகத்தில் இருப்பு இருக்காது, மருத்துவரை எட்ட முடியாது. திங்கள் காலைக்குள் அவர் பழைய இடத்துக்குப் போய்விடுவார். அதனால் 30 நாளுக்குச் சீட்டு எழுத வேண்டாம், 28 நாளுக்கு எழுதச் சொல்லுங்கள். தொடங்கிய அதே கிழமையில்தான் முடியும். தொடக்கம் செவ்வாயோ புதனோ என்றால் ஏதாவது சிக்கல் வந்தாலும் சரிசெய்ய இரண்டு வேலைநாள் கையில் இருக்கும்.

சீட்டு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. மருந்தகத்தை அழைத்து, அதே வலிமையில் இருப்பு உள்ளதா, இன்றே கொடுப்பார்களா என்று கேட்டு, பேசியவர் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனாலும் இதைவிடப் பலன் தரும் வேலை இந்தத் துறையில் அதிகம் இல்லை.

மார்ச் 12, புதன்

சிறுநீர்ப் பரிசோதனை பற்றி. அபினிலிருந்து வரும் பொருட்களைக் காட்டும் சாதாரண ஓபியேட் சோதனைப் பட்டையில் ஃபென்டனைலும் தெரியாது, புப்ரெனார்ஃபினும் தெரியாது. இரண்டுக்கும் தனித்தனிப் பட்டை வேண்டும். புப்ரெனார்ஃபின் மிக அதிகமாகவும், உடல் அதை உடைத்து உருவாக்கும் நார்புப்ரெனார்ஃபின் அறவே இல்லாமலும் வந்தால், மாத்திரையை விழுங்காமல் சிறுநீர்க் கோப்பையில் தோய்த்திருக்க வாய்ப்பு உண்டு. அப்போதும் முதலில் வர வேண்டியது ஒரு கேள்வி: மாத்திரை எங்கே போகிறது? வீட்டில் இன்னொருவர் சிகிச்சைக்கு இடம் கிடைக்காமல் அதை எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஹெராயின் தென்பட்டதற்காக மருந்தை நிறுத்துவதை நான் ஏற்பதில்லை. நோய் கூடியிருக்கிறது என்பதற்காக மருந்தைப் பிடுங்கும் வழக்கம் வேறு எந்த நோயிலும் இல்லை. அளவு போதுமா, சந்திப்புகளை நெருக்க வேண்டுமா என்று பாருங்கள்.

மார்ச் 18, செவ்வாய்

மருத்துவமனையிலிருந்தும் சிறையிலிருந்தும் வெளியே வருபவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். தாங்குதிறன் இறங்கியிருக்கும், கை மட்டும் பழைய அளவையே எடுக்கும். கைமாற்றுக் கடிதத்தில் நான்கு வரி போதும்: கடைசி வேளை எந்த நாள் எத்தனை மணிக்கு, எத்தனை மில்லிகிராம், அடுத்த வேளை எங்கே, நலாக்ஸோன் (ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கினால் அதை மீட்கும் மருந்து) கையில் கொடுத்தாயிற்றா. "மருந்தைத் தொடரவும்" என்று மட்டும் எழுதிய கடிதத்தால் யாருக்கும் பயனில்லை.

நலாக்ஸோனை வீட்டில் இருப்பவருக்கும் பழக்க வேண்டும். மூக்குத் தெளிப்பான் ஒரு நாசியில் ஒருமுறை, அவசர ஊர்திக்கு அழைப்பு, செயற்கைச் சுவாசம். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் மறு நாசியில் இன்னொன்று. அதன் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும், உள்ளே போன ஓபியாய்டு அதற்குப் பிறகும் நிற்கலாம். கண் விழித்துவிட்டார் என்று தனியே விட்டுப் போகக் கூடாது.

மார்ச் 20, வியாழன்

மெத்தடோன் எடுப்பவர் தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் வராமல் போனால், திரும்பி வரும் அன்று பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது. மருத்துவர் பார்த்து, குறைத்துத் தொடங்க வேண்டும். இது உடலில் நாட்கணக்கில் சேரும் மருந்து. இன்று கொடுத்ததன் முழு பலம் நான்கைந்து நாள் கழித்தே தெரியும் என்பதால் முதல் இரண்டு வாரத்தில் அளவை வேகமாகக் கூட்டுவது உயிருக்கே ஆபத்து. ஆகவே வராதவரின் பெயரை அன்று மாலையே எடுத்து அழைக்க வேண்டும். "ஏன் வரவில்லை?" என்று தொடங்காமல், "நாளை எத்தனை மணிக்கு வர முடியும்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்கிறது.