சிறு குழுவுக்கு கிட்டீ: நிறுவ பத்து நிமிடம், சரிசெய்ய ஒரு மாலை

நிரலையும் (கோடு) அதன் மாற்ற வரலாற்றையும் 'ரெப்போ' என்ற கிட் களஞ்சியங்களாகச் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ள உதவும் மென்பொருள் கிட்டீ. ஐந்தாறு பேர் வேலை செய்யும் இடத்துக்கு, இதே வேலையைச் செய்யும் பெரிய மென்பொருளான கிட்லேப் தேவையில்லை. சும்மா இருக்கும்போதே பல ஜிபி ராமை விழுங்கும். 2 கோர், 1 ஜிபி ராம் கொடுத்தால் கிட்டீ தாராளமாக ஓடுகிறது. 2016-இல் காக்ஸ் (Gogs) என்ற இதே வகைத் திட்டத்திலிருந்து பிரிந்தது இது, கோ மொழியில் எழுதியது, ஒரே பைனரி. டேட்டாபேஸுக்கு, எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைக்கும் எஸ்க்யூலைட் போதும். அந்த ஃபைலை மட்டும் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே பகிரும்) டிரைவில் வைக்காதீர்கள், லாக் பிரச்சினை வரும்.

மென்பொருளை 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் ஏற்றினோம். வெப் போர்ட் 3000-இல் தொந்தரவே இல்லை. மாலையைத் தின்றது எஸ்எஸ்எச் (கீ வைத்துப் பாதுகாப்பாக இணையும் வழி). ஹோஸ்டின் (கன்டெய்னர் ஓடும் கணினி) 22-ஆம் போர்ட்டை அதன் சொந்த எஸ்எஸ்எச் சர்வர் பிடித்திருக்கும். அதனால் ஹோஸ்டின் 222-ஐ கன்டெய்னரின் 22-க்குத் திருப்பிவிட வேண்டும். அதோடு விட்டால், கிட்டீ பக்கத்தில் காட்டும் குளோன் முகவரியில் (ரெப்போவை நகலெடுக்கும் முகவரி) போர்ட் எண் இருக்காது. புஷ் செய்பவர் (மாற்றங்களை அனுப்புபவர்) ஹோஸ்டின் கதவைத் தட்டுவார், அது பாஸ்வேர்டு கேட்கும். கீ தப்போ என்று எல்லாரும் கீயையே மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

சரி, முகவரியில் காட்டும் எண்ணான எஸ்எஸ்எச் போர்ட் மாறியை 222 ஆக்கலாம் என்றால் அங்கே இன்னொரு பொறி. கன்டெய்னருக்குள் கேட்கும் எண்ணான 'லிசன் போர்ட்' மாறியைத் தனியாகக் கொடுக்காவிட்டால் அதுவும் 222 ஆகிவிடும். கன்டெய்னருக்குள் 22-இல் கேட்க ஆளே இருக்காது, 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' வரும். முதலாவதை 222, இரண்டாவதை 22 என்று இரண்டையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

கிட்டீக்கு முன்னால், கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்க என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை வைத்தால், கிட்டீ தன் முகவரியாகக் கொள்ளும் ரூட் யூஆர்எல்லை எச்டிடிபிஎஸ் முகவரியாக மாற்ற மறக்கக் கூடாது. மறந்தால் மெயிலில் போகும் லிங்க் எல்லாம் லோக்கல்ஹோஸ்டைக் காட்டும். பழைய ரெப்போவை எச்டிடிபிஎஸ் வழியே முதல் தடவை புஷ் செய்யும்போது 413 பிழை (அனுப்பியது மிகப் பெரிது) வந்தால் குற்றம் கிட்டீயுடையது அல்ல: என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் ஏற்காது, கிட்டோ மொத்த வரலாற்றையும் ஒரே மூட்டையாக அனுப்பும். வரம்பை 512 எம்பி ஆக்கினால் தீர்ந்தது. வெளியுலகுக்குத் திறந்த சர்வர் என்றால் பதிவு வசதியை முதல் நாளே மூடுங்கள். ஸ்பேம் கணக்குகள் வந்து குவியும்.

பேக்கப்புக்கு டம்ப் கட்டளை உண்டு. சர்வீஸை நிறுத்திவிட்டு எடுங்கள். ஓடும்போது எடுத்தால் டேட்டாபேஸும் ரெப்போவும் வெவ்வேறு நிலையில் நிற்கலாம். ஆனால் ரெஸ்டோர் கட்டளை கிடையாது. ஜிப்பைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கையால் வைக்க வேண்டும். எஸ்க்யூலைட் ஃபைலைத் தனியாகவும் காப்பி எடுத்துக்கொள்வோம். கான்ஃபிக் ஃபைலில் உள்ள சீக்ரெட் கீ தொலைந்தால் கோடு கைக்கு வரும், இருபடிச் சரிபார்ப்பு வைத்தவர்கள் வெளியே நிற்பார்கள். இடம் மாற்றி ரெஸ்டோர் செய்தால் ஹூக்குகளை (புஷ் வரும்போது ஓடும் சிறு ஸ்கிரிப்ட்கள்) மறுபடி உருவாக்கும் அட்மின் கட்டளையையும் ஓட்டுங்கள். அந்த ஸ்கிரிப்ட்களுக்குள் பைனரியின் பழைய பாதைதான் எழுதியிருக்கும், புஷ் போகாது.