யாரோட நைனா?

"ஐயா, பாலாத்துல உங்க அப்பா ஊத்து தோண்டின கதையை நேயர்களுக்காக ஒரு தடவை உங்க வாயாலயே சொல்லுங்க."

நான் கேட்டது இதுதான். ஒலிபரப்பியதை மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது எங்களுடையது மாதிரியான சமுதாய வானொலிக்கு விதி, அதனால் பதிவு அப்படியே இருக்கிறது, போட்டுப் போட்டுக் கேட்டாகிவிட்டது. 'உங்க அப்பா' என்று அதில் முதலில் சொல்வது நான்தான். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், எதிர் டீக்கடையில் நின்றுகொண்டு, தான் எழுதிய ஊற்றுக் கட்டுரையில் வருவது தன் அப்பா இல்லை என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார்.

"ஊத்துக் கதையத்தான் தம்பி எல்லாரும் கேக்கறாங்க. அது எங்க நைனா இல்ல. எங்க நைனா லாங்கு பஜார்ல ஜவுளிக்கடையில கணக்கு எழுதினவரு, ஆத்துல எறங்கினதே கெடையாது. எங்கூட வேலை செஞ்ச லைன்மேன் ஒருத்தரு, அவரோட நைனா. லைன்மேனும் இப்ப இல்ல. அவருக்கு எழுத வராது, நான் எழுதனேன்." வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னார். ரகசியம் சொல்கிற குரலே இல்லை. யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் சொல்லவில்லை. நான் "சரிங்க ஐயா" என்றேன். அப்புறம் உள்ளே போய் மைக் அளவு பார்த்தோம்.

அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாணியம்பாடியிலிருந்து வாலாஜா வரைக்கும் ஆற்றங்கரை ஊர்களில் வேலை நிமித்தம் அலைந்ததை எல்லாம் எழுதி, சொந்தக் காசில் அச்சடித்த ஒல்லியான புத்தகம். அட்டையில் நினைவுகள் என்று போட்டிருக்கிறது. சிறுகதை என்றோ புனைவு என்றோ எங்கேயும் இல்லை. ஊற்றுக் கட்டுரை அதில் நான்கே பக்கம். கோடை ராத்திரி, அப்பாவும் பிள்ளையும் குடத்தோடு மணலில் இறங்குகிறார்கள். அப்பா கொட்டாங்குச்சியால் தோண்டுகிறார், ஈரம் தட்டியதும் கையால் வாரிப் போடுகிறார், கலங்கலாக ஊறுவதை இரண்டு மூன்று தரம் இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிகிற வரைக்கும் ஓரமாக உட்கார்ந்து பீடி பிடிக்கிறார், அப்புறம் குடத்து வாயில் துண்டைக் கட்டி மொண்டு ஊற்றுகிறார். ஒரு வருஷம் அதே இடத்தில் தோண்டி, ஒரு வாய் குடித்துப் பார்த்து, துப்பிவிட்டு, காலாலேயே மணலைத் தள்ளி ஊற்றை மூடுகிறார். பிள்ளையிடம் ஒன்றும் சொல்வதில்லை. மறுபடியும் ஆற்றுக்குப் போவதும் இல்லை. கட்டுரை அவ்வளவுதான். இந்தப் பக்கத்து ஆற்றோரத்தில் பிறந்து ஐம்பது வயதைத் தாண்டிய யாரும் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. என்னாலும் முடியவில்லை, அதனால்தான் அவரைக் கூப்பிட்டேன்.

பதிவின் முதல் பகுதி முழுக்க அவர் தோல் பதனிடும் ஷாப்புகளைப் பற்றித்தான் பேசினார். நன்றாகவே பேசினார். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பைப் போட்டு அடுக்கி வருவது, ஷாப்பில் ஊறப்போட்டுக் கழுவும்போது அந்த உப்பு முழுக்கத் தண்ணீரோடு வெளியே போவது, அதன் பின்னாலேயே சுண்ணாம்பும் குரோமியமும் போவது. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை வரி வரியாக வைத்திருந்தார். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், பாதியோ முழுசோ பயிருக்கு உதவாமல் போன நிலம் 35,000 ஹெக்டேர் வரை, ஒவ்வொரு ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். நாடு முழுக்கச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் வேலூர் என்ற பெயரை அந்த வழக்கில்தான் முதலில் பார்ப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் மெல்ல இன்றைய நிலவரத்துக்கு வந்து, ஷாப்புப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்ல அனுமதி இல்லாத நிலையம் எங்களுடையது. யார் பெயராவது வந்துவிட்டால் மறுநாள் பதில் சொல்வது நான். அது ஒரு பயம். இன்னொன்று, அரை மணி நேர நிகழ்ச்சியில் எது நிற்கும் எது போகும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், அந்தக் கணக்குப்படி ஹெக்டேர் நிற்காது. அந்த நேரத்தில்தான் ஊற்றைக் கேட்டேன்.

அவர் உடனே பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், என்னைப் பார்த்தார், பிறகு "எங்க நைனா..." என்று ஆரம்பித்தார். புத்தகத்தில் இல்லாத சின்னச் சின்ன விஷயங்கள் எல்லாம் வந்தன. காலால் மணலைத் தள்ளும் இடத்தில் குரல் உடைந்து, ஹெட்போனில் அவர் எச்சில் விழுங்குவது கேட்டது. நான் குறுக்கே பேசவில்லை. அந்தக் குரல் பொய் என்று இந்த நிமிஷம் வரைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை. முடிந்ததும் "நல்லா வந்துதா தம்பி?" என்று கேட்டார். ரொம்ப நல்லா வந்தது ஐயா என்றேன். வந்துதான் இருந்தது.

நிகழ்ச்சி போனது. போன் ஓயவில்லை. உப்பைப் பற்றியோ தீர்ப்பைப் பற்றியோ ஒருவர்கூடக் கேட்கவில்லை, எல்லாம் ஊற்றுதான். எங்கள் அப்பாவும் இப்படித்தான், எங்கள் தாத்தா அதே துண்டில்தான் வடிகட்டுவார், என்று ஆளாளுக்கு அவரவர் ஊற்றைச் சொன்னார்கள். எங்களுடையது 50 வாட் டிரான்ஸ்மிட்டர், அலை போகிற தூரமே பத்துப் பதினைந்து கிலோமீட்டர். அதற்குள் கேட்கிறவர்களில் பாதிப் பேர் அந்த மணலை மிதித்தவர்கள். தொலைவில் இருப்பவருக்கு அது ஒரு கதை, இங்கே அது அடையாளம் தெரிந்த இடம். அதுதான் சிக்கலாகவும் ஆனது. ஒரு பெரியவர் கூப்பிட்டார். "சாரோட நைனா பேரு இன்னாங்க? அந்த ஊர்ல ஆத்தோரத் தெருவுல எனக்குத் தெரியாத வூடு கெடையாது. யாரு புள்ளன்னு தெரிஞ்சா ஒரு நட போய்ப் பாத்துட்டு வருவேன்." கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் மறுபடியும் கூப்பிட்டபோது போனை எடுக்க வேறு ஆளை விட்டேன்.

இதை எழுத்தாளரிடம் சொல்லிவிடுவது நல்லது என்று போன் செய்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "லைன்மேன் பேரச் சொல்லிடுங்க தம்பி, எனக்கு இன்னா இருக்குது? அந்தப் பெரியவருக்கு அவுங்க குடும்பம் தெரிஞ்சிருக்கும்." அப்படியென்றால் ரேடியோவில் ஏன் எங்க நைனா என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். "நீங்க அப்படித்தானே தம்பி கேட்டீங்க?" என்றார்.

கோபமே இல்லாமல் சொன்னார். மணி என்ன என்று கேட்டால் சொல்வது மாதிரி.

அதற்கப்புறம் இந்த ஒரு வாக்கியத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எழுபதை நெருங்கியவர், நினைவுப் புத்தகம் எழுதியவர், கண்ணாடியைக் கழற்றி வைக்க நேரம் எடுத்துக்கொண்டவர், 'அது என் நண்பரோட அப்பாங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் இல்லையா? நான் அவர் வாயைக் கட்டவில்லை. அட்டையில் அச்சான பொய்க்கு அறிவிப்பாளன் என்ன செய்ய முடியும்? இப்படிச் சொல்லி முடித்ததும், அந்த ஸ்டூடியோ நினைவுக்கு வரும். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் கேட்கிறவன் போட்ட பாதையில்தான் நடப்பார்கள், அது மரியாதை. வீட்டுக்கு வந்த விருந்தாளி இலையில் விழுந்ததைச் சாப்பிடுவார். இத்தனை வருஷத்தில் "கேள்வி தப்பு" என்று என்னிடம் சொன்ன எழுத்தாளர் ஒருவரும் இல்லை. என் கேள்விகள் எல்லாம் சரியாக இருந்ததால் என்றா எடுத்துக்கொள்வது?

இன்னொன்றையும் யோசிக்கிறேன். ஜூலை வந்தால் 1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சி பற்றி எழுதியவர் யாராவது நிலையத்துக்கு வருவார். அவரை நான் லேசில் விடுவதில்லை. ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டைக்குள் நடந்தது என்ன, தலைப்பாகை உத்தரவா தாடி உத்தரவா எது பெரிய காரணம், திப்புவின் பிள்ளைகளுக்கு அதில் எவ்வளவு பங்கு, ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்த பிறகு எத்தனை சிப்பாய்கள் செத்தார்கள், அந்த எண்ணிக்கை எந்த ஆவணத்தில் இருக்கிறது. கூச்சமே இல்லாமல் கேட்பேன், அவர்களும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்த சிப்பாய்க்குக் கேட்கிற ஆதாரத்தை, நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அப்பாவுக்குக் கேட்டால் மட்டும் அது அநாகரிகம் ஆகிவிடுகிறது. ஏன் என்று எனக்குத் தெரிகிற மாதிரியும் இருக்கிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது.

தாளில் 'நான்' என்று எழுதுவது வேறு. படிக்கிறவன் அதில் தன்னை வைத்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்காரனை வைத்துக்கொள்ளலாம், எழுதியவர் கொஞ்சம் கூட்டியிருப்பார் என்று ஒரு ஓரத்தில் ஒதுக்கியும் வைக்கலாம். அதையே மூச்சு வாங்கும் ஒரு குரல் சொன்னால் அது சாட்சி ஆகிவிடுகிறது. கதையைச் சொல்லச் சொல்லாமல், அந்த நான்கு பக்கத்தையும் வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தால் புத்தகம் பேசியதாக இருந்திருக்கும், அவர் பேசியதாக இருந்திருக்காது என்று ஒரு நாள் தோன்றியது. சில நாள் அதையே பிடித்துக்கொண்டேன், அடுத்து வந்தவர்களை எல்லாம் வாசிக்கச் சொன்னேன். பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிக்கிற குரலில் வாசித்தார்கள், கேட்கவே முடியவில்லை. இப்போது மறுபடியும் சொல்லச் சொல்லித்தான் கேட்கிறேன்.

லைன்மேனின் அப்பாவை நினைத்தால் வேறொரு பக்கம் இழுக்கிறது. அவரைப் பற்றி யாரும் எழுதியிருக்கப் போவதில்லை. அவர் பிள்ளை எழுதாமலே போய்விட்டார். வேறொருவர் 'என் அப்பா' என்று சொன்னதால்தான் அந்த மனிதர் அந்த ராத்திரி பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குக் கேட்டார். 'என் நண்பரின் தந்தை ஒருவர்' என்று ஆரம்பித்திருந்தால் இத்தனை போன் வந்திருக்குமா? வந்திருக்காது. ஆனால் அந்தக் குடும்பத்தில் யாராவது ரேடியோவைப் போட்டிருந்தால்? தங்கள் வீட்டுப் பெரியவர் வேறு வீட்டுக்காரர் ஆகிவிட்டதைக் கேட்டுவிட்டு, சோறு போட எழுந்து போயிருந்தால்? பெயரைச் சொல்லிவிடு என்று அவரே சொன்ன பிறகும் நான் அந்தப் பெரியவரைக் கூப்பிடவில்லை. சொன்னால் எங்கள் நிகழ்ச்சி பொய்யாகிவிடும் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது ஏப்ரல் 23 உலக புத்தக தினத்துக்கு அதை மறுஒலிபரப்புப் போடலாம் என்கிறார்கள். என் கேள்வியில் 'உங்க அப்பா' என்ற இரண்டு வார்த்தையை மட்டும் வெட்டிவிட்டால் என்ன என்று பார்த்தேன், ஒட்டே தெரியாமல் வெட்ட வருகிறது. ஆனால் வெட்டிப் போட்டுக் கேட்டால், யாரும் கேட்காமலே அவராக எங்க நைனா என்று ஆரம்பிப்பது போல ஆகிவிடுகிறது. மறுபடியும் ஒட்டிவிட்டேன். முன்னால் ஒரு அறிமுகம் சேர்த்து, 'கேட்டதும் கண்டதும் கலந்த கட்டுரைகள்' என்று எழுதிக் கொடுத்தேன். நிலைய ஒருங்கிணைப்பாளர் படித்துவிட்டு, "இது எதுக்கு சார், கேக்கறவங்க கொழம்பிடுவாங்க" என்றார். சரி, அப்படியானால் வெட்டிச் சுருக்கிப்போட்ட உப்பு, தீர்ப்பு, 35,000 ஹெக்டேர் எல்லாவற்றையும் தனி நிகழ்ச்சியாகப் போடுங்கள் என்றேன். அதை யார் கேட்பார்கள் என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். கடைசியில் ஒத்துக்கொண்டார். ஊற்று காலை எட்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் போகிறது, பழைய அறிமுகத்தோடு. தீர்ப்பு மத்தியானம் இரண்டரைக்கு.