ஐந்து மாத சீசன், பன்னிரண்டு மாதச் செலவு: நிலாவெளிக் கரைக் கணக்கு

திருகோணமலைக்கு வடக்கே, உப்புவெளியிலிருந்து நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டி வரைக்கும் கரையோரமாக ஒரு துண்டுக் காணி வைத்து, அதில் சுற்றுலா விடுதி நடத்துபவர்களும் நடத்த நினைப்பவர்களும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ரூமுக்கு ஒரு நைட்டுக்கு எவ்வளவு எடுக்கலாம்?" கேட்க வேண்டியது அதுவல்ல. வருஷத்துக்கு எத்தனை நைட் விற்கும், விற்ற காசில் எவ்வளவு கையில் நிற்கும், நின்றதில் எவ்வளவு இந்த ஊருக்குள்ளேயே சுற்றும் என்பதுதான் கேள்வி. திருகோணமலையில் துறைமுகம் இருக்கிறது, மீன் இருக்கிறது, கந்தளாய் வயல் இருக்கிறது. ஆனால் இந்தக் கரையில் வீடு கட்டியவருக்கு ரூம்தான் வயல்.

இந்த வயலுக்கு ஒரு போகம்தான். வைகாசியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும்பினால் தென்மேற்குக் கரை கொந்தளிக்கும், நம் கடல் காலையில் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். ஐப்பசி பிற்பகுதியில் வாடை திரும்பினால் எல்லாம் தலைகீழ்: இங்கே மழை, அங்கே ஹிக்கடுவையிலும் மிரிஸ்ஸவிலும் சீசன். மே முதல் செப்டெம்பர் வரை நமக்கு. அதற்குள்ளும் ஜூலை, ஓகஸ்ட் இரண்டு மாதம்தான் உண்மையான அறுவடை. ஐரோப்பியப் பள்ளி விடுமுறை, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து அப்படியே இந்தப் பக்கம் இறங்கும் கனடா, லண்டன் குடும்பங்கள், ஓகஸ்ட் விடுமுறைக்கு வான் பிடித்து வரும் தெற்குக் குடும்பங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்வது அப்போதுதான். போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாள் வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் அந்த வார இறுதி நிறையும், மற்ற வாரங்களில் செவ்வாய், புதன் காலியாகத்தான் கிடக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு எடுத்த எண்கள்தான் இவை. உங்கள் எண்களைப் போட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

ஏசி ரூம் 5. சீசன் 150 நாள். 5 ரூமுக்கு 750 இரவு, அதில் 60 வீதம் விற்றால் 450. மிச்ச 215 நாளில் 12 வீதம் விற்றால் ஏறக்குறைய 130. ஆக வருஷத்துக்கு 580 இரவு. சராசரி விலை 12,000 ரூபாய் என்றால் வரவு 69,60,000. பார்க்க நல்ல தொகை. இனிக் கழியுங்கள். பதிவுகளில் 70 வீதம் இணையத் தளங்கள் வழியாக வந்து, அவர்கள் 15 வீதம் கமிஷன் எடுத்தால் 7,30,800 போகும். காலைச் சாப்பாடு, சலவை, மின்சாரம், சவர்க்காரம் என்று விற்ற ஒவ்வொரு இரவுக்கும் 3,000 வைத்தால் 17,40,000. வருஷம் முழுக்க நிற்கும் 2 ஊழியருக்கு மாதம் 45,000, அதற்கு மேல் முதலாளி பங்காக ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதமும் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் சேர்த்தால் 12,42,000. சீசனுக்கு மட்டும் இன்னும் 2 பேர், 5 மாதம், 5,17,500. திருத்த வேலையும் பெயின்றும் 5,00,000. லைசன்ஸ், காப்புறுதி, போன், சுற்றுலா அபிவிருத்தி வரி 1 வீதம், மழைக்கால மின்கட்டணம் எல்லாம் 3,00,000. 60 இலட்சம் லோன், 5 வருஷம், ஏறக்குறைய 11 வீத வட்டி என்றால் மாதக் கட்டுக்காசு 1,30,000, வருஷத்துக்கு 15,60,000.

மிச்சம் 3,69,700 ரூபாய். மாதத்துக்கு 31,000கூட இல்லை.

இதே கணக்கில் ஒரு இரவு கூடுதலாக விற்றால் கமிஷனும் செலவும் போக 7,740 ரூபாய் நிற்கும். 3,69,700ஐ 7,740ஆல் பிரித்தால் 48. ஐந்து ரூமும் நிறைந்திருக்க வேண்டிய பத்து நாள் வெறுமையாகப் போனால் அந்த வருஷம் நட்டம், அவ்வளவுதான். அதனால் எந்தச் செலவையும் ரூபாயில் நினைக்காமல் இரவில் நினைத்துப் பழகுவது நல்லது. இணையப் பதிவை 70 வீதத்திலிருந்து 50 வீதத்துக்குக் குறைத்தால் 2,08,800 மிஞ்சும். அது 27 இரவு. ஒருமுறை தங்கியவர் அடுத்த முறை வாட்ஸ்அப்பில் நேராகக் கேட்கும்படி வைத்துக்கொள்வதற்கு ஆகும் செலவு ஒரு அட்டையும் ஒழுங்கான பதிலும்தான். அதில் அக்கறை காட்டாமல் ரூம் விலையைக் குறைத்து ஆள் பிடிக்கப் பார்ப்பதுதான் இந்தக் கரையில் நான் அதிகம் காணும் பிழை. பக்கத்து விடுதி 1,000 குறைக்கும், நீங்கள் 1,500 குறைப்பீர்கள், இரண்டு பேரும் ஓகஸ்டில்கூட உழைக்க மாட்டீர்கள்.

கட்டுக்காசு பன்னிரண்டு மாதமும் ஒரே அளவாக வருவதுதான் அடுத்த சிக்கல். கார்த்திகை, மார்கழியில் வரவு இல்லை, வங்கிக்கு 1,30,000 போக வேண்டும். விவசாயக் கடனில் அறுவடைக்குப் பிறகு கட்ட வைப்பதுபோல், ஜூன் முதல் ஒக்டோபர் வரை கூடுதலாகவும் மிச்ச மாதங்களில் வட்டி மட்டுமாகவும் கட்டும் ஒழுங்கைக் கேட்டுப் பாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டும், பிந்திக் கேட்டால் அது "தவணை தவறியவர்" கேட்பதாகிவிடும். இன்னும் நல்லது, ஐந்து ரூமுக்கு அத்திவாரம் போட்டாலும் மூன்றை மட்டும் கடனில் முடித்து, மற்ற இரண்டையும் உழைத்த காசில் கட்டுவது.

ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் 2019 முதல் 2022 வரை நடந்ததை மாதவாரியாகப் பார்க்க வேண்டும். 2018இல் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் மேல். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு நடந்தபோது தெற்குக் கரை தன் சீசனை முடித்திருந்தது, நமக்கோ தொடங்கப் பத்து நாள் இருந்தது. 2020 மார்ச்சில் விமான நிலையம் மூடியது, திறந்தது 2021 ஜனவரியில். 2021 ஓகஸ்ட் 20இல் மறுபடி ஊரடங்கு, ஒக்டோபர் 1 வரைக்கும். 2022 மே, ஜூன், ஜூலையில் பெற்றோல் வரிசை, கொழும்பிலிருந்து வான் வர வழியில்லை. தொடர்ந்து நாலு அடியும் நம் சீசனின் மேல்தான் விழுந்தது. 2021இல் முழு நாட்டுக்கும் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2024இல் அது 20 இலட்சத்தைத் தாண்டித் திரும்பியது உண்மை. ஆனால் அந்த நாலு வருஷத்தில் கட்டாமல் தள்ளிவைத்த கடனுக்கு வட்டி நிற்கவில்லை. ஒரே போகத்தை நம்பியிருப்பவருக்குக் கையிருப்பு வேண்டும். மேலே போட்ட கணக்கில் ஆறு மாதத்துக்கு நிரந்தர ஊழியர் சம்பளமும் லைசன்ஸ், காப்புறுதி வகைச் செலவும் கட்டுக்காசும் சேர்ந்தால் ஏறக்குறைய 15,50,000, அதாவது 200 இரவு. ஒரே வருஷத்தில் சேராது. அதனால்தான் கடன் சிறிதாக இருக்க வேண்டும் என்கிறேன்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். இதைப் பற்றி யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இந்தக் கரை முழுக்க மணல். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி இருந்தால் கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும்: மோட்டார் இழுத்து மட்டத்தை 1 அடி இறக்கிவிட்டால் உப்பு கீழிருந்து 40 அடி ஏறப் பார்க்கும். மழை பெய்வது ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, ரூம் நிறைவது ஓகஸ்டில். கிணறு மிகவும் இறங்கியிருக்கும் நேரத்தில்தான் நாம் மிக அதிகமாக இழுக்கிறோம். பத்து விருந்தினருக்கு ஆளுக்கு 200 லீற்றர் வைத்தால் நாளுக்கு 2,000. பச்சைப்புல் வளர்க்க ஆசைப்பட்டால் அதற்கு மேலும் போகும்.

ஓகஸ்டில் தண்ணீர் கரிக்கத் தொடங்கியதும் பலர் செய்வது குழாய்க்கிணற்றை இன்னும் ஆழமாக இறக்குவது. அது உப்பைத் தேடிப் போவது. அகலமான, ஆழம் குறைந்த கிணறுதான் மணல் கரைக்குச் சரி. அரைக் குதிரைவலு மோட்டாரில் விடிய ஒரு தரம், இரவு ஒரு தரம் கொஞ்சமாக இறைத்து, இடையில் ஊற விட்டு, 1,000 லீற்றர் தாங்கி இரண்டில் சேர்த்து வையுங்கள். ஒரேயடியாக ஐந்து மணித்தியாலம் ஓட விடக்கூடாது. குளோரைட் லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்குக்குத் தெரியத் தொடங்கும், ஆனால் கெய்சர் கொயிலும் ஷவர் தலையும் அதற்கு முன்னமே சொல்லிவிடும். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும், மணலில் அதற்கு மேலும் தள்ளினால்தான் நிம்மதி. உங்கள் குழி பக்கத்து வளவுக் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் அளந்து பாருங்கள். ஆறு விடுதி வரிசையாக நிற்கும் இடத்தில் ஒருவர் தண்ணீரை இன்னொருவர்தான் கெடுக்கிறார்.

உப்புக் காற்றும் இரவுகளைத் தின்னும். ஏசியின் வெளிப்பெட்டியைச் சீசனில் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால் அலுமினியத் தகடுகள் வெள்ளையாகப் பூத்து, பிறகு தொட்டாலே உதிரும். கடலை நேரே பார்க்கும் சுவரில் பெட்டியைப் பூட்டாமல் பக்கச் சுவரில் பூட்டினாலே ஆயுள் கூடும். கதவுப் பிணைச்சலுக்கு இரும்பு வேண்டாம்.

பிறகு புறாத்தீவு. நிலாவெளியில் ரூம் விற்பது கடலால் மட்டுமல்ல, கரையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீற்றரில் இருக்கும் அந்த இரண்டு சின்னத் தீவுகளைச் சுற்றியுள்ள முருகைக்கல் எனும் பவளப்பாறையாலும்தான். 1963இல் சரணாலயமாகி, 2003இல் 471 ஹெக்டேயருடன் தேசிய பூங்காவானது. அங்கே கறுப்பு முனைச் சுறாவை முழங்கால் ஆழத்துக்குக் கிட்டவே பார்க்கலாம். கொம்பு கொம்பாகக் கிளைக்கும் முருகைக்கல் வருஷத்துக்குச் சில அங்குலம் வளரும், பாறை போல் உருண்டு நிற்பது ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். நீந்தத் தெரியாதவர் பயத்தில் காலை ஊன்றும் ஒரு நொடியில் உடைவது பல வருஷ வளர்ச்சி. அதனால் விடுதிக்காரர் செய்ய வேண்டியது: காலை 7 மணிக்கு முன் அனுப்புங்கள், பிற்பகலில் கடல் குழம்பும். நீந்தாதவரை லைஃப் ஜக்கெட் இல்லாமல் இறக்க வேண்டாம். மிதப்பவர் காலை ஊன்ற மாட்டார், அதனால் அது ஆளையும் காக்கும் கல்லையும் காக்கும். நங்கூரத்தை மணலில்தான் போட வேண்டும் என்று போட்காரரிடம் சொல்லி அனுப்புங்கள்.

போட்காரரிடம் கமிஷன் வாங்குவதை விட்டுவிடுங்கள் என்றும் சொல்வேன். ஒரு போட்டுக்கு நீங்கள் எடுக்கும் காசை அவர் எங்கே ஈடுசெய்வார்? ஆளைக் கூட ஏற்றுவார், அல்லது நேரத்தைக் குறைத்து இன்னொரு நடை ஓடுவார். இரண்டிலும் அடிபடுவது முருகைக்கல்தான், அது செத்தால் உங்கள் ரூமுக்கு விலை இல்லை.

ஊருக்குள் காசு சுற்றுவது சமையலறையில்தான் தெரியும். மாலைதீவில் 1972 முதல் ரிசோர்ட்கள் இருக்கின்றன, ஆனால் விளையும் மண் குறைவு, சாப்பாட்டில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. நமக்கு அந்தச் சாட்டு இல்லை. கரைவலை இழுக்கும் இடத்தில் காலையில் பாரையும் சூரையும் கிடைக்கும், நிலாவெளித் தோட்டத்தில் சின்ன வெங்காயம் இருக்கிறது, கந்தளாய் அரிசி, சட்டித் தயிர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். இருந்தும் பல மேசைகளில் பாணும் பட்டரும் ஜாமும்தான். கேட்டால் "நம்பி ஓடர் குடுக்க ஏலாது, ஒருநாள் வரும், ஒருநாள் வராது" என்பார்கள். வராததற்குப் பெரும்பாலும் காரணம் நாம்தான். இடியப்பம் அவித்துத் தரும் அக்காவுக்கு மாதக் கடைசியில் காசு கொடுத்தால் அவர் மாவை எதைக்கொண்டு வாங்குவார்? முதல்நாள் மாலை 6 மணிக்கு முன் ஆள் எண்ணிக்கையைச் சொல்லுங்கள், 10 பேருக்கு 80 இடியப்பம், சொதி, சம்பல் என்று அளவோடு சொல்லுங்கள், கொண்டுவந்த கையோடு காசைக் கொடுங்கள். ஆள் குறைந்தாலும் சொன்ன அளவுக்குக் கொடுங்கள். இரண்டு வாரத்தில் ஓடர் தவறுவது நின்றுவிடும். மீன்காரரோடும் இதே ஒழுங்குதான். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியபோது சின்ன போட்கள் கரையில் கிடந்தன. அப்படியான நேரத்தில் கடலுக்குப் போன ஒருசில போட்டின் மீன், தினம் காசு கொடுத்த கைக்குத்தான் முதலில் போகும்.

சீசனை நீட்டலாமா? கார்த்திகைக்குள் நீட்ட முடியாது, மழைக்கு விலை குறைத்தும் ஆள் வராது. நீட்ட இடமிருப்பது முன்பக்கம்: பெப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை. மழை விட்டு, கடல் படிந்து, கச்சான் இன்னும் எழும்பாத நாட்கள். மார்ச், ஏப்ரலில் துறைமுக வாய்க்கு வெளியே ஆழக்கடல் பள்ளத்தாக்கில் நீலத்திமிங்கிலம் வருகிறது. தெற்குச் சீசனுக்கு வந்த வெளிநாட்டவர் சீகிரியா வரைக்கும் வந்துதான் திரும்புகிறார்கள். சீகிரியாவுக்குக் கிட்ட இருக்கும் ஹபரணையிலிருந்து இங்கே 85 கிலோமீற்றர் அளவுதான். அவர்களுக்குக் கடற்குளியலை மட்டும் விற்காமல், கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, காலையில் திமிங்கிலம் என்று இரண்டு இரவாகக் கட்டி, ஹபரணை, சீகிரியா விடுதிக்காரரிடமும் வான் சாரதிகளிடமும் ஜனவரியிலேயே சொல்லி வைக்க வேண்டும். இரண்டரை மாதத்தில் 50 இரவு கூடினால் போதும், மேலே போட்ட கணக்கில் மிச்சம் இரட்டிப்பாகும்.

அதற்கு ரூம் பெப்ரவரி 15க்குள் தயாராக இருக்க வேண்டும். பெயின்ற் வேலையை மழை விட்ட கையோடு தொடங்கினால் ஈரச் சுவரில் அடித்தது சித்திரைக்குள் கொப்புளம் போடும். தை நடுப்பகுதியிலிருந்து கதவு, ஜன்னலைத் திறந்து பத்து நாள் காயவிட்டு, தை கடைசியில் அடியுங்கள்.