இரட்டைப் பியான் கணக்கில் இறங்குபவர்களுக்கு

ஃபோட்டானைப் புரோட்டான் மீது மோதவிட்டு இரண்டு பியான்களை (மிக இலேசான மேசான் துகள்கள்) பெறும் வினையை ஆய்வுக்கு எடுத்திருக்கிறீர்களா? துகள்களின் இடைவினைகளைச் சொல்லும் லாக்ராஞ்சியனில் கைவைக்கும் முன் மூன்று சேனல்களையும், அதாவது வினையின் முடிவில் வரக்கூடிய துகள் கூட்டங்களை, ஒரே தாளில் எழுதுங்கள்: (1) பை பிளஸ், பை மைனஸ், புரோட்டான்; (2) பை பிளஸ், பை ஜீரோ, நியூட்ரான்; (3) இரண்டு பை ஜீரோ, புரோட்டான். எந்த ஃபெயின்மன் வரைபடம் (வினை நடக்கும் ஒரு வழியின் படம்) எந்த சேனலில் நிற்கிறது, எதில் சுழியாகிறது என்று குறித்துக்கொண்டே வந்தால் பாதி இயற்பியல் பிடிபட்டுவிடும்.

டெல்டா க்ரோல்-ரூடர்மன் உறுப்பையே பாருங்கள். ஃபோட்டான், பியான், நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்), டெல்டா (நியூக்ளியானின் கிளர்ந்த நிலை) நான்கும் ஒரே புள்ளியில் சேரும் உறுப்பு இது. முதல் சேனலில் இதன் ஆதிக்கம்தான். அந்தப் புள்ளியில் சேரும் பியானுக்கு மின்சுமை இல்லையென்றால் உறுப்பே கிடையாது; இரண்டு பை ஜீரோ சேனலின் குறுக்குவெட்டு (வினை நடக்கும் வாய்ப்பின் அளவு) மிகச் சிறியதாக இருக்க இது முக்கியக் காரணம். ஒவ்வொரு மின்சுமை வழியின் பங்கையும் தரும் ஐசோஸ்பின் கெழுக்களைக் கையாலேயே போடுங்கள். இரட்டை நேர்மின் டெல்டா வழிக்கும் மின்சுமையற்ற டெல்டா வழிக்கும் வீச்சில் (வர்க்கமெடுத்தால் வாய்ப்பைத் தரும் சிக்கலெண்) 3:1, வர்க்கத்தில் 9:1 வர வேண்டும். வரவில்லையா, மேலே போகாதீர்கள்.

அப்புறம் கேஜ் சோதனை, அதாவது மின்சுமை அழியா விதி காக்கப்படுகிறதா என்ற சோதனை. ஃபோட்டானின் மின்புலத் திசையைச் சொல்லும் முனைவாக்க வெக்டருக்குப் பதில் அதன் உந்தத்தைப் போட்டால் மொத்த வீச்சு சுழியாக வேண்டும். துகள்களின் அளவைக் கணக்கில் எடுக்கும் வடிவக் காரணிகளை உறுப்புக்கு ஒரு விதமாகச் சேர்த்தால் இது உடனே கெடும்.

ஒரு உறுப்பைத் தனியாக வரைந்து பார்த்து, சின்னதுதானே என்று தள்ளிவிடாதீர்கள். ஸ்பெயினின் வலென்சியாவில் கோமெஸ் தெஹெடோரும் ஓசெட்டும் 1994இல் காட்டியது இதைத்தான்: என்-ஸ்டார் 1520 ஒத்ததிர்வு (நியூக்ளியானின் இன்னொரு கிளர்ந்த நிலை) டெல்டாவாகவும் பியானாகவும் சிதையும் வீச்சு, க்ரோல்-ரூடர்மன் உறுப்போடு வலுவாகக் குறுக்கிட்டு முதல் சேனலின் உச்சத்தை உண்டாக்குகிறது. ஒத்ததிர்வின் ஆற்றலைக் கடக்கையில் அதன் வீச்சின் மெய்ப்பகுதி குறி மாறுவதால், ஒரு பக்கம் கூடுவது மறுபக்கம் கழிகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த கணக்கு இது.

ஒரு சேனலை மட்டும் பொருத்திவிட்டு நிம்மதியாகவும் இருக்க முடியாது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் டாஃப்னே கருவி எடுத்த அளவீடுகளில், நியூட்ரான் வரும் சேனலின் குறுக்குவெட்டு அன்றைய மாதிரிகள் சொன்னதைவிடப் பெரிதாக இருந்தது. 2001இல் வலென்சியா குழு ரோ மேசான் (இரண்டு பியான்களாகச் சிதையும் துகள்) பங்கைச் சேர்த்தபோது நிலைமை நன்றாகவே தேறியது. ரோ இரண்டு பை ஜீரோவாகச் சிதையாது என்பதால் அந்த சேனலுக்குச் சேதமில்லை.

கடைசிச் சேனலும் பொருந்திய பிறகும் வேலை இருக்கிறது. அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் கிளாஸ் கருவியின் குழு 2005இல் வெளியிட்ட ஹெலிசிட்டி சமச்சீரின்மை (ஃபோட்டானின் சுழற்சித் திசையைத் திருப்பினால் வரும் வித்தியாசம்) அளவீடுகளை அன்றைய மாதிரிகளால் சரியாக விளக்க முடியவில்லை. ஒற்றைப் பியானுக்கு 4 வீச்சுகள் போதும். இங்கே 8, அதோடு 5 சார்பற்ற இயக்கவியல் மாறிகள். மொத்தக் குறுக்குவெட்டில் வீச்சுகளின் கட்டங்கள் (phase) பற்றிய தகவல் பெரும்பாலும் கரைந்துவிடும். அதனால் புரோகிராம் எழுதும்போதே 8 வீச்சுகளையும் சிக்கலெண்களாக, ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனித்தனியாகச் சேமியுங்கள். வர்க்கமெடுத்துக் கூட்டிய எண்ணிலிருந்து அவற்றைத் திரும்ப எடுக்க வழியில்லை.