வாசல் பாத்தி: ஆனி முதல் ஆடி வரை

ஜூன் 15, ஞாயிறு

கேட்டை ஒட்டி எட்டடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு பாத்தி. காலை ஒன்பது மணிக்கு அங்கே விழும் வெயில் மாலை ஐந்தரை வரை இடத்தை விட்டு நகராது. போன வருடம் வைத்த செம்பருத்தி ஆடிக் காற்றில் முறிந்தது. அதற்கு முந்தைய வருடம் அரளி சாய்ந்து, கேட்டைத் திறக்கவிடாமல் கிடந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்றை உடுமலைப் பக்கம் தடுக்க ஆளே இல்லை. காற்றாலைக்காரர்களுக்கு அது வருமானம், எனக்கு வருடத்துக்கு ஒரு செடி நஷ்டம். இந்த முறை முழங்காலைத் தாண்டும் எதையும் வைப்பதில்லை.

அத்தையிடம் சொன்னேன். “அப்படியென்றால் கீரை போட்டுவிடு அம்மிணி” என்றார். வாசலில் பூதான் வேண்டும் என்று நானும் விடவில்லை.

ஜூன் 18, புதன்

பாத்தியைக் கொத்தினேன். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே செங்கல் துண்டு, காய்ந்த சிமென்ட் கட்டி, ஒரு பழைய தாழ்ப்பாள். வீடு கட்டியபோது மிஞ்சியதையெல்லாம் கொத்தனார் இங்கேதான் புதைத்திருக்கிறார். மூன்று சட்டி அள்ளிப் போட்டேன்.

இங்கே நான் வைத்த குட்டை இட்லிப்பூ ஏன் வெளிறியது என்பதும் இன்று புரிந்தது. இலை முழுக்க மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. போதாததற்கு எங்கள் போர் தண்ணீர். தொட்டியின் விளிம்பில் அது விட்டுப்போகும் வெள்ளைப் படிவத்தை நகத்தால் சுரண்டினால் ஓடாகப் பெயர்கிறது. இட்லிப்பூ புளிப்பு மண்ணுக்குப் பிறந்த செடி. பாவம், நான் அதைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

நர்சரிக்குப் போனேன். குட்டையாக, வெயில் தாங்குவதாக வேண்டும் என்றதும் பையன் மறுபடியும் இட்லிப்பூவைத்தான் காட்டினான். அடுத்து, தரையோடு படரும் மஞ்சள் பூச்செடி ஒன்றை எடுத்து, “மஞ்சள் கரிசலாங்கண்ணி, கண்ணுக்கு நல்லது” என்றான். இலையைத் திருப்பிப் பார்த்தேன். ஓரம் மூன்று மடலாகப் பிரிந்திருந்தது. கரிசலாங்கண்ணிக்கு அப்படி இராது, இலை ஒடுங்கி நீண்டிருக்கும். இவன் நீட்டியது தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த வெடெலியா. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதற்கும் ஓர் இடம் உண்டு. கணுவுக்குக் கணு வேர் விடும். சாலைத் தீவுகளில் பச்சைப் பாய் விரித்தது போல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வீட்டு வாய்க்கால் தோட்டத்துக்குப் போகிறது. அதில் ஒரு துண்டு மிதந்து போனால் மாமனார் என்னைச் சும்மா விடமாட்டார். இதைக் கீரை என்று நம்பிச் சமைக்கிறவர்களை நினைத்தால்தான் பகீர் என்கிறது.

நித்தியகல்யாணி நான்கு மட்டும் வாங்கிவந்தேன்.

ஜூன் 23, திங்கள்

அத்தையோடு எதிர்பார்த்த சண்டை. “சுடுகாட்டு மல்லியை வாசலில் வைப்பார்களா?” இரத்தப் புற்றுநோய்க்கான மருந்தே இதிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்றேன். “அப்படியானால் ஆஸ்பத்திரி வாசலில் வைக்கட்டும்.” பதில் சொல்ல முடியவில்லை. மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. ஆடு கடிக்காது, தண்ணீர் கேட்காது, அதனால் யாரும் கவனிக்காத இடத்திலும் பூத்தது. அதற்கு இப்படி ஒரு பேர். நான்கும் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போயின.

ஜூன் 29, ஞாயிறு

பக்கத்து வீட்டு அக்கா பத்து மணிப் பூத் துண்டுகளை முறத்தில் கொட்டிக் கொடுத்தார். விரல் நீளத் துண்டு, சாணுக்கு ஒன்று, மூன்று வரிசை. முப்பது துண்டு பிடித்தது. கேட்டுப் பக்கத்து வரிசையை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். தென்னை நார்க்கழிவைத் தூவினேன். மாலைக்குள் காற்று அதைச் சாலைக்கு அந்தப் பக்கம் சேர்த்துவிட்டது. தேங்காய் மட்டைகளைக் கொண்டுவந்து வரிசைகளுக்கு நடுவே குப்புறக் கவிழ்த்துவைத்தேன். அவை அசையவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மேட்டுக்காட்டில் விஷ்ணுகிரந்தி பூத்துக் கிடக்கிறது. சட்டைப் பொத்தானைவிடச் சின்ன நீலப் பூ. செடி தரையோடு ஒட்டிக்கிடப்பதால், மேலே ஊளையிடும் காற்று அதற்குத் தெரியவே தெரியாது. காலியான வரிசைக்கு இதுதான் என்று நான்கைக் கிளறி எடுத்தேன். கட்டை போன்ற வேர், எவ்வளவு தோண்டியும் முடிவு தெரியவில்லை. பாதியில் அறுந்தது.

ஜூலை 10, வியாழன்

நான்கும் கருகிவிட்டன. விதை எடுத்துத் தூவியிருக்க வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

தொழுவுரத்தோடு வந்த விதை போல, பத்து மணிப் பூவுக்கு நடுவே பருப்புக்கீரை முளைத்துவிட்டது. இரண்டும் ஒரே குடும்பம், தண்டும் ஒன்று போலவே இளஞ்சிவப்பு. இலையைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்: கீரைக்குக் கரண்டி மாதிரித் தட்டை, பூச்செடிக்கு உருண்டு தடித்த ஊசி. அத்தைக்குக் கண்ணாடி போட மறந்துவிட்டது. ஒரு கை கீரையோடு நான்கு பூச்செடிகளும் முறத்துக்கு வந்தன. கிள்ளியதை மறுபடி ஊன்றினேன். அதுவே இந்தச் செடியின் பெருந்தன்மை. மதியம் கீரைக் கடையல். “முதலிலேயே சொன்னேனே” என்று அத்தை சொல்லவில்லை. சாதம் போடும்போது என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காலையில் மேகம், பத்தரை ஆகியும் ஒரு மொட்டும் அசையவில்லை. பதினொன்றுக்கு வெயில் எட்டிப் பார்த்தது. நின்று பார்த்தேன். முறுக்கிய காகிதம் போலிருந்த மொட்டு நுனியில் இளகி, ஒரு பக்கம் இதழ் விலகி, முழுதாக மலரும் முன்பே ஒரு சின்னத் தேனீ உள்ளே புகுந்துவிட்டது. வெளியே வந்தபோது அதன் கால்கள் மஞ்சளாக இருந்தன. வெளியே தென்னை மட்டை பறக்கிற காற்று. பாத்தியில் இதழ்கள் நடுங்கியதோடு சரி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலி வரிசையில் களை எடுக்க உட்கார்ந்தேன். மதிலோரம் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல ஒரு செடி, பக்கத்தில் இன்னொன்று. களைக்கொத்தை ஓங்கியவள் நிறுத்தினேன். பூளை. போகி அன்று காப்புக் கட்ட, ஆவாரம்பூ, வேப்பிலையோடு சேர்த்துக் காசு கொடுத்து நான் வாங்குகிற அதே பூளைப்பூ. யாரும் ஊன்றவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. முழங்காலுக்குக் கீழேயே நின்றுகொண்டிருக்கிறது.

அத்தை வந்து குனிந்து பார்த்தார். இரண்டு செடி போதாது, வாசல் நிலைக்கு, கேட்டுக்கு, மாட்டுக் கொட்டகைக்கு, தோட்டத்துக்கு என்று நான்கு கொத்தாவது வேண்டும் என்று விரல் விட்டு எண்ணினார். அந்த வரிசையில் இனி யாரும் களைக்கொத்து வைக்கக் கூடாது என்று மாமனாருக்கும் உத்தரவு போனது.