நோட்டீஸ் பீரியட்: ஒரு நாவல் நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

வேலை வெறுத்துப்போன பெண்ணை வைத்து ஜாலியாக ஒரு நாவல் எழுதப்போகிறேன் என்று வாய்விட்டால் போதும், ஆளாளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். எல்லாம் ஒரே கதை. ராஜினாமா, கொடைக்கானல், சின்னதாக ஒரு பேக்கரி, பக்கத்து எஸ்டேட்டில் தாடி வைத்த ஒருவன். பேக்கரிக்கு அடுப்பு வாங்க எந்த பேங்க் கடன் கொடுத்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

என் காயத்ரியை அவ்வளவு சுலபமாக மலையேற்றுவதாக இல்லை. சிறுசேரியில் ஐ.டி. வேலை, மேடவாக்கத்தில் ஃப்ளாட், தலைக்கு மேல் இ.எம்.ஐ. முதல் பக்கத்திலேயே பேப்பர் போட்டுவிடுகிறாள். ஆனால் நோட்டீஸ் பீரியட் 90 நாள். நாவல் முழுக்க அந்த 90 நாள்தான். நடுவில் கிளம்பிப்போனால் ரிலீவிங் லெட்டர் வராது. அந்தத் தாள் இல்லாமல் அடுத்த கம்பெனியில் வாசலை மிதிப்பது கஷ்டம். முடிவெடுத்த பிறகும் மூன்று மாதம் அதே நாற்காலி, அதே காலை மீட்டிங். வில்லன் தனியாக வேண்டாம்.

ஜூன் 5, வியாழன்

கே.டி. காட்சி எழுதினேன். போகிறவர் தன் வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். காயத்ரியிடம் கற்றுக்கொள்ள வந்திருப்பவன் புதிதாகச் சேர்ந்த பையன், கையில் புது நோட்டு.

"அக்கா, இந்த எக்செல்ல மஞ்சள் கலர் எதுக்கு?"

அவளுக்குத் தெரியாது. அவளுக்கு முன்னால் இருந்தவருக்கும் தெரியாது. எந்தக் காலத்திலோ யாரோ அடித்த மஞ்சள். தினமும் ராத்திரி பத்து மணிக்கு அந்த வரிகளை நிரப்பி ஆன்சைட்டுக்கு, அதாவது வெளிநாட்டில் இருக்கும் டீமுக்கு, அனுப்பியிருக்கிறாள், கல்யாணத்துக்கு முதல்நாள் மருதாணிக் கையோடுகூட. பையன் சளைக்கவில்லை, ஆன்சைட்டுக்கே மெயில் போட்டுக் கேட்டுவிடுகிறான். பதில் வருகிறது: "தெரியவில்லை. நீங்கள் அனுப்புகிறீர்கள், நாங்கள் சேமித்து வைக்கிறோம்."

ஜூன் 8, ஞாயிறு

இன்று எழுதியதைவிடப் படித்ததுதான் அதிகம். வேலையே ஆளை உருக்கிவிடும் சோர்வுக்கு பர்ன்-அவுட் என்கிற பெயரை உளவியலுக்குள் கொண்டுவந்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். 1974இல் கட்டுரை எழுதினார். தன் தொழில் போக, இலவச கிளினிக் ஒன்றில் ராப்பகலாக உழைத்தவர். அங்கிருந்த தொண்டர்களிடமும் தன்னிடமும் கண்டதைத்தான் எழுதினார். வேலையில் உயிரைக் கொடுப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள் என்பது அவர் கணிப்பு. இது எனக்கு முக்கியம். காயத்ரி சோம்பேறி என்று ஒரு வாசகருக்குக்கூடத் தோன்றக்கூடாது.

1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக் இதற்கு ஒரு அளவுகோலே போட்டார். அடித்துப்போட்ட அசதி, ஆட்கள் மேல் ஒட்டுதல் விட்டுப்போவது, 'என்ன செய்து என்ன' என்கிற நினைப்பு, மூன்றையும் அளப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு விளக்கம் தந்து, வேலை சார்ந்த நிலை இது, நோய் அல்ல என்றும் சேர்த்துச் சொன்னது. எனக்கு ஒரு காட்சி கிடைத்துவிட்டது. ஹெச்.ஆர். பெண் சிரித்த முகமாகச் சொல்கிறாள்: "நோயே இல்லையே மேம், அப்புறம் எப்படி சிக் லீவ்?"

காயத்ரி வீட்டில் அவள் அம்மாவின் பரிசோதனை வேறு. கல் உப்பு, ஏழு காய்ந்த மிளகாய், மூன்று சுற்று, மூன்று முறை 'தூ'. நெருப்பில் போட்டு நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். நெடி வருகிறது, மூன்றாவது மாடிவரை இருமுகிறார்கள். "கண்ணெல்லாம் இல்லடி," என்கிறாள் அம்மா. "உன் மேனேஜர்தான்."

ஜூன் 9, திங்கள்

ஒரு வரி ஓடவில்லை. காயத்ரிக்கு லீவ்.

ஜூன் 14, சனி

எதிர்வீட்டு அக்கா தி. நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்ப்பவர். இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, எக்செல் இடத்தில் நன்றாகச் சிரித்தார். பேப்பரை மடித்துக் கொடுக்கும்போது கேட்டார்: "உக்காந்த இடத்துலயே இவ்ளோ சோர்வாம்மா?"

வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. அவர் கடையிலும் ஸ்டூல் வந்ததாம். "இருக்கு. மேல மடிக்காத புடவையெல்லாம் அடுக்கி வச்சிருக்கோம்." சொல்லிக்கொண்டே குதிகாலை மாற்றி மாற்றித் தரையில் தேய்த்தார். வெடிப்புகளில் மஞ்சள் பூசியிருந்தது.

அவர் கேட்டது காயத்ரியைக் குறைத்துவிடாது, அவள் அசதியும் நிஜம்தான். ஆனால் ராஜினாமா என்பதே ஒரு வசதி என்று யாராவது அவளிடம் சொல்லியாக வேண்டும். ஆகவே காயத்ரி கடைசி நாள் உடுத்தப் புடவை எடுக்கப் போகிறாள். இருபது புடவை பிரித்துப் போட்டும் மனசு ஒப்பவில்லை. "பரவால்லம்மா, இன்னும் பாருங்க," என்கிறார் நின்றுகொண்டிருக்கும் அந்த அம்மா. இந்த அத்தியாயத்தில் சிரிப்பு கம்மி. பேக்கரி ரசிகர்கள் மன்னிக்கவும்.

ஜூன் 21, சனி

முடிச்சு கிடைத்துவிட்டது! 71ஆம் நாள் மேனேஜர் பேப்பர் போடுகிறார். அவருக்கு பெங்களூரில் வேறு வேலை, புது கம்பெனி நோட்டீஸையும் பணம் கட்டி வாங்கிவிட்டது, வெள்ளிக்கிழமையே கிளம்புகிறார். ஹெச்.ஆர். பெண் அதே சிரித்த முகத்தோடு காயத்ரியிடம் வருகிறாள்.

"ஒரு சின்ன ஹெல்ப் மேம். நீங்க இன்னும் பத்தொன்பது நாள் இருக்கீங்கல்ல? சாரோட கே.டி.யை நீங்களே வாங்கிக்கிறீங்களா?"